ஆடை வேண்டும், தைத்தவள் வேண்டாம்!

1916-ஆம் ஆண்டு, மார்ச் திங்கள். ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. வெர்டன் களத்தில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மன் படையும் ஒன்றையொன்று மாய்த்துக்கொண்டிருந்தன. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. அந்த நாட்களில் நியூயார்க் நகரத்து நாளேடுகளைப் பிரித்தவர்கள், ஒரு முழுப்பக்க விளம்பரத்தைக் கண்டனர். நியூயார்க்கைக் காப்பாற்றப் போகிறோமா, இல்லையா என்று கேட்டது அந்த விளம்பரம்.

எவரிடமிருந்து காப்பாற்றுவது? கெய்சரின் நீர்மூழ்கிக் கப்பல்களிடமிருந்தா? கொள்ளைக் கூட்டத்திடமிருந்தா? கொடிய நோயிடமிருந்தா? இல்லை, தோழர்களே! துணி தைக்கும் தொழிலாளரிடமிருந்து! விடிந்ததும் இயந்திரத்தின் முன் குனிந்து, உச்சிவேளையில் சற்று நேரம் நிமிர்ந்து, தெருவுக்கு வந்து காற்று வாங்கிய ஏழைகளிடமிருந்து!

அந்த விளம்பரத்தின் கீழே பெயர் பொறித்திருந்தவர் யார்? ஆல்ட்மன், லார்டு அண்டு டெய்லர், மேசி, கிம்பெல், சாக்ஸ் போன்ற பேரங்காடிகள். அந்த ஏழைகள் தைத்த ஆடைகளை வாங்கி, கண்ணாடிப் பேழைகளிலே அடுக்கி, விற்றுப் பொருள் குவித்தவர்கள்! ஆடை அவர்களுக்கு வேண்டும். தைத்த கைகள் தங்கள் வீதியிலே தென்படக் கூடாது. இதுதான் வழக்கு. இந்த வழக்கிலிருந்து பிறந்ததுதான், இன்று அமெரிக்க நகரங்களில் பெரும்பாலானவற்றில் கோலோச்சும் நில வரையறைச் சட்டம்.

இது குடியிருப்புப் பகுதி, இது வணிகப் பகுதி, இது தொழிற்பகுதி என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டி நகரத்தைக் கூறுபோடும் முறை இன்று உலகெங்கும் நடப்பிலிருக்கிறது. ஒரு கடைத்தெருவின் வண்ணத்தை மாற்று என்பர் ஒரு சாரார். மாற்றாதே என்பர் மற்றொரு சாரார். கேட்பவருக்கு இது ஏதோ பொறியாளர்களின் பூசல் போலத் தோன்றும். அடி, அங்குலம், சாலை அகலம், கட்டட உயரம் என்று கணக்குப் பேசுவார்கள். கணக்கின் பின்னே மனிதர் இருக்கின்றனர் என்பதை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ நமக்குக் காட்டுகிறது.

மன்ஹாட்டன் ஒரு நீண்ட, குறுகிய தீவு. அதன் நீளவாக்கில் ஓடும் பெருவீதிகளுக்கு அவென்யூ என்று பெயர். குறுக்குத் தெருக்களுக்கு எண்களே பெயர். தெற்கே வாஷிங்டன் சதுக்கத்தில் தொடங்கித் தீவின் முதுகெலும்பு போல வடக்கே நீள்வது ஐந்தாம் அவென்யூ. 19-ஆம் நூற்றாண்டில் அது சீமான்களின் வீதி. ஆஸ்டர் குடும்பத்தாரும் வாண்டர்பில்ட் குடும்பத்தாரும் மாளிகைகள் எழுப்பி வாழ்ந்த வீதி. சீமான் இருக்குமிடத்தைச் சீமாட்டிக்குப் பொருள் விற்பவன் தேடி வருவான் அல்லவா? கடைகள் வந்தன. கடைகளின் சந்தடி பொறுக்காமல் சீமான்கள் வடக்கே நகர்ந்தனர். கடைகளும் பின்னாலேயே நகர்ந்தன. 14-ஆம் தெருவருகே இருந்த வணிகம் 23-ஆம் தெருவுக்கு வந்தது. 1902-இல் மேசி 34-ஆம் தெருவுக்கு வந்தது. 1906-இல் ஆல்ட்மன் அதே தெருவும் ஐந்தாம் அவென்யூவும் கூடுமிடத்திலே மாளிகை போன்றதோர் அங்காடியைத் திறந்தது. 1914-இல் லார்டு அண்டு டெய்லர் 38-ஆம் தெருவுக்கு ஏறியது.

கடைகள் விட்டுச் சென்ற இடங்களிலே முளைத்தவை அடுக்குத் தொழிற்கூடங்கள். பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள். மாடிதோறும் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள். மின்விசையும் மின்தூக்கியும் வந்துவிட்ட காலம். தொழிற்சாலையைத் தரையில் பரப்ப வேண்டியதில்லை, வானில் அடுக்கலாம். தொழிற்கூடக்காரன் ஏன் இந்த வீதியைத் தேடி வந்தான்? அவனுடைய சரக்கை வாங்குபவர் இங்கேதான் இருந்தனர். பேரங்காடிகள் இங்கே; வெளியூர்க் கொள்முதல்காரர் வந்து தங்கும் விடுதிகளும் இங்கே. காலையில் மாதிரி காட்டி மாலையில் சரக்குத் தர வேண்டுமானால் அருகில் இருந்தாக வேண்டும். ஆக, அங்காடிக்காரன் தொழிற்கூடத்தைக் கண்டு வடக்கே ஓட, தொழிற்கூடக்காரன் தன் வாடிக்கைக்காரனைத் துரத்திக்கொண்டு வடக்கே ஓட, நடந்ததோர் ஓட்டப்பந்தயம்! தன் நிழலைக் கண்டு அஞ்சி ஓடியவன் கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அவன் கூட இவ்வளவு வாடகை கொடுத்து ஓடியிருக்க மாட்டான்!

அந்தத் தொழிற்கூடங்களிலே உழைத்தவர் பெரும்பாலும் குடியேறிகள். ரஷ்யப் பேரரசிலே ஜாரின் ஆட்சியில் யூதர் குடியிருப்புகள் சூறையாடப்பட்டபோது உயிர் தப்பி வந்தவர்கள். தென் இத்தாலியின் வறுமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இளம்பெண்களே மிகுதி. பதினாறு, பதினேழு வயதுச் சிறுமியர் ஏராளம். ஆங்கிலம் அரைகுறை, இத்திஷ் மொழியும் இத்தாலிய மொழியுமே அவர்கள் நாவில்.

அந்தப் பெண்களை வாய் பேசா ஊமைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1909-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், கூப்பர் யூனியன் மண்டபத்திலே தொழிலாளர் கூட்டம். தலைவர்கள் மணிக்கணக்கில் பேசினர். பொறுமை பேசினர், நிதானம் பேசினர். கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் எழுந்தாள். பேசிப் பேசிப் பயனில்லை, பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று இத்திஷ் மொழியிலே முழங்கினாள். சட்டை தைக்கும் பெண்கள் இருபதாயிரம் பேரளவில் வேலையை விட்டு வீதிக்கு வந்தனர். அடியும் சிறையும் கிடைத்தன, அஞ்சவில்லை. ஐந்தாம் அவென்யூச் சீமாட்டிகள் சிலரே அந்தப் பெண்களுக்குத் துணை நின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும் பணமுதலை ஜே. பி. மார்கனின் மகள் ஆன் மார்கன் அவர்களுள் ஒருவர்.

பதினாறு மாதம் கழிந்தது. 1911-ஆம் ஆண்டு மார்ச் 25, சனிக்கிழமை மாலை. ஐந்தாம் அவென்யூ தொடங்கும் அதே வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே, பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்கூடத்தில் தீ! ஒன்பதாம் மாடியிலே தப்பும் வழிக் கதவொன்று பூட்டிக் கிடந்தது. தீயணைப்போர் கொண்டுவந்த ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. சன்னல் வழியே குதித்தனர் பெண்கள், கைகோத்துக்கொண்டு! 146 உயிர்கள் மாண்டன; அவற்றுள் 123 பெண்கள். வழக்கு நடந்தது, உரிமையாளர் இருவரும் அவ்வாண்டு டிசம்பரிலே விடுதலையானார்கள். மாண்டவர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சின்னம், அந்தக் கட்டடத்திலே 2023-இல்தான் திறக்கப்பட்டது. 112 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது அந்தப் பெயர்களுக்கு!

இவ்வளவும் ஏன் சொல்கிறேன்? இந்தப் பெண்கள் கட்டடத்துக்குள்ளே வெந்தபோது நகரத்தின் நெஞ்சு சற்று நெகிழ்ந்தது. மாநில அரசு ஆய்வுக் குழு அமைத்தது. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் சில வந்தன. ஆனால் அதே ஆண்டுகளில், அதே வீதியிலே, இந்தப் பெண்கள் கட்டடத்துக்கு வெளியே வந்து நடப்பதைத் தடுக்க மற்றொரு முயற்சி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

முயன்றது ஐந்தாம் அவென்யூச் சங்கம். 1907-இல் தொடங்கப்பட்டது. கடை உரிமையாளரும் நிலச் சொந்தக்காரரும் உறுப்பினர். அவர்களுடைய முறையீடு என்ன? நண்பகல் மணி அடித்ததும் தொழிற்கூடங்களிலிருந்து ஆயிரமாயிரம் தொழிலாளர் நடைபாதைக்கு இறங்குகின்றனர், நிற்கின்றனர், பேசுகின்றனர், கண்ணாடிப் பேழைகளை வேடிக்கை பார்க்கின்றனர், இதனால் வாங்க வரும் சீமாட்டிகள் முகம் சுளித்து வேறிடம் போகின்றனர், நிலத்தின் மதிப்பு சரிகிறது. இதுதான் முறையீடு. 1913-இல் நகரக் குழுவின் முன் சங்கத்தின் சார்பில் பேசியபோது, அந்தத் தொழிலாளரை நடைபாதையில் பாய்ந்து கடைகளையும் கடைக்காரரையும் வாங்குவோரையும் மூழ்கடிக்கும் வெள்ளமாக வருணித்தனர். வெள்ளம்! மனிதரை மனிதர் என்று சொல்ல மனமில்லாதபோது வருணனைக்குப் பஞ்சமே இருப்பதில்லை.

தொழிலாளர் ஏன் தெருவிலே நின்றனர் என்று கேட்டறிந்தால் போதும். அடைத்த அறையிலே பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தனர். எந்தக் கூடத்தில் வேலை உண்டு, எவன் கூலியைக் குறைத்தான் என்ற செய்தி நடைபாதையிலேதான் கைமாறியது. பருவத் தொழில் அது. இரண்டு மாதம் ஓயாத வேலை, இரண்டு மாதம் சும்மா. வேலை தேடும் சந்தையே அந்த நடைபாதைதான். சங்கம் வளர்ந்ததும் அங்கேதான்.

இதிலே இன்னொரு செய்தி. அங்காடி உரிமையாளருள் பலர் யூதர்களே. கிம்பெல், சாக்ஸ், ஆல்ட்மன், மேசியை நடத்திய ஸ்டிராஸ் குடும்பத்தார் எல்லோரும் ஒரு தலைமுறை, இரு தலைமுறைக்கு முன் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து வந்த யூத மரபினர். தெருவிலே நின்ற தொழிலாளரும் யூதர். ஆனால் நேற்று வந்த ரஷ்ய யூதர். மதம் ஒன்று, மறைநூல் ஒன்று. ஆயினும் மாளிகைக்கும் பட்டறைக்கும் இடையே மறைநூல் பாலம் போடவில்லை. ஒரே மதத்தார் என்ற பேச்சு வாடகைக் கணக்கின் முன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முதலில் காவலரைக் கொண்டு கூட்டத்தை நகர்த்திப் பார்த்தனர். அது நிலைக்கவில்லை. இன்ன மனிதர் இந்த வீதியில் நடக்கக் கூடாது என்று சட்டம் எழுதவும் முடியாது. அரசியல் சட்டம் குறுக்கே நின்றது. நம் நாட்டிலே அந்தத் தொல்லை இல்லை. அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் நடுவே கோடு கிழிக்க எந்த நகராட்சியும் கூடித் தீர்மானம் போடவில்லை, மனு போதுமானதாயிருந்தது. மனு இல்லாத ஊரிலே மாற்று வழி தேட வேண்டியிருந்தது. தேடினர், கண்டனர். அந்த வழிக்குப் பெயர் உயரக் கட்டுப்பாடு!

ஐந்தாம் அவென்யூவைப் பற்றி ஆய அமைக்கப்பட்ட குழு, 1912-இல், அந்த வீதியிலும் இருபுறமும் 300 அடிக்குள்ளும் எந்தக் கட்டடமும் 125 அடிக்கு மேல் எழும்பக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேட்டால் அழகுக்காக என்பார்கள். அழகும் ஓரளவு உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த கணக்கு வேறு. நிலத்தின் விலையோ வானளவு. பன்னிரண்டு மாடி கட்டி, மாடிதோறும் இயந்திரம் அடுக்கினால்தான் தொழிற்கூடக்காரனுக்குக் கட்டும். மாடிகளைக் குறைத்துவிடு, அவன் தானே விலகிவிடுவான். தொழிலாளி என்ற சொல்லையே உச்சரிக்காமல் தொழிலாளியை அப்புறப்படுத்தும் சட்டம்! நுண்ணறிவு என்றால் இதுவன்றோ நுண்ணறிவு.

நகரமைப்பைப் பற்றிய நூல்கள் இந்தச் சட்டத்தின் பிறப்பை வேறு விதமாகச் சொல்வதுண்டு. 1915-இல் பிராட்வே வீதியிலே ஈக்விடபிள் கட்டடம் எழுந்தது. ஒரு ஏக்கருக்கும் குறைந்த மனையிலே 38 மாடி. 12 இலட்சம் சதுர அடித் தளம். அதன் நிழல் ஏழு ஏக்கர் பரப்பை மூடியது. அண்டையிலிருந்தோர் ஒளியிழந்தனர், காற்றிழந்தனர்; நகரம் விழித்துக்கொண்டு சட்டம் செய்தது. கதை சுவையானது, படம் போட்டுக் காட்டவும் வசதி. பொய்யென்றும் சொல்வதற்கில்லை. ஆனால் 1915-இன் நிழல் 1907-இல் சங்கம் அமைக்குமா? 1912-இல் பரிந்துரை எழுதுமா? கட்டடத்தின் நிழலைக் காட்டும் நூல்கள் தையற்காரியின் நிழலையும் காட்டட்டும்.

இதைவிட வருந்தத்தக்க மாற்றம் ஒன்றும் உண்டு. நெரிசலைப் பற்றி முதலில் குரல் எழுப்பியவர்கள் கடைக்காரர் அல்லர். 1907-இலேயே, பிளாரன்ஸ் கெல்லி, லில்லியன் வால்டு முதலான சீர்திருத்தவாதிகள் மக்கள் நெரிசல் குறித்து ஒரு குழு அமைத்தனர். பெஞ்சமின் மார்ஷ் அதன் செயலாளர். கீழைப் புறத்துக் குடியிருப்புகளிலே ஓர் அறையில் ஒரு குடும்பமும் வாடகைக்கு வந்த வெளியாரும் அடைந்து கிடப்பதை 1908-இல் பொருட்காட்சி வைத்தே காட்டினர். நிலத்தை முடக்கி விலையேற்றுபவர் மீது வரி போடு, தொழிலாளிக்கு வெளிச்சமுள்ள வீடு கொடு, தொழிலை நகரின் விளிம்புகளுக்குப் பரப்பு என்று கேட்டவர் மார்ஷ். 1909-இல் வாஷிங்டனிலே நடந்த முதல் தேசிய நகரமைப்பு மாநாட்டைக் கூட்டுவித்ததும் அந்த முயற்சிதான். ஏழை வீட்டில் காற்றில்லை என்று தொடங்கிய பேச்சு, பத்து ஆண்டுகளுக்குள் சீமாட்டியின் நடைபாதையில் இடமில்லை என்ற பேச்சாகத் திரிந்தது! நெரிசல் என்ற சொல் மட்டும் மாறவில்லை. நிலவரியைப் பற்றிய பகுதியோ காணாமலே போயிற்று.

1913-இல் உயரங்கள் குறித்து ஆய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எட்வர்டு பாசெட் என்ற வழக்கறிஞர். கூர்ந்த அறிவாளி. ஒரு வீதிக்கு மட்டும் சலுகை கொடுத்தால் நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்று தள்ளிவிடும் என்பதை உணர்ந்தார். ஆகவே நகரம் முழுவதற்குமே வரைபடம் தீட்டச் சொன்னார். 1914-இல் நகரத்தின் சாசனம் திருத்தப்பட்டது. குடியிருப்பு, வணிகம், தடையற்றது என மூன்று வகை. உயரத்துக்கு ஒரு படம், மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரு படம். ஐந்தாம் அவென்யூவைக் காக்க, கடலோரத்து புரூக்லின் வரைக்கும் வண்ணம் தீட்டினார்கள்! குடியிருப்போர் பலருக்கு இதனால் நன்மையும் விளைந்தது. வீட்டுக்குப் பக்கத்திலே நாறும் தோல் பட்டறை வராது என்ற உறுதி எளியவனுக்கும் வேண்டியதே. தெருவில் எதை நடத்தலாம் என்று ஊர் கூடி முடிவு செய்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால், ஊர் கூடவில்லை என்பதுதான் என் குறை.

பாசெட்டின் சட்டத்தில் கடைக்காரரின் நோக்கில் ஒரு குறை இருந்தது. புதிதாக வரும் தொழிற்கூடத்தைத்தான் அது தடுக்கும். ஏற்கெனவே இருப்பதை அகற்றாது. அந்தக் குறையை நிரப்பவே மார்ச் மாதத்து முழுப்பக்க விளம்பரம். 33-ஆம் தெருவிலிருந்து 59-ஆம் தெரு வரை, மூன்றாம் அவென்யூவிலிருந்து ஏழாம் அவென்யூ வரை ஒரு சதுரம் வரைந்தனர். 1917 பிப்ரவரி முதல் நாளுக்குப் பின், அந்தச் சதுரத்துக்குள் தொழிற்கூடம் வைத்திராதவரிடமே முன்னுரிமை கொடுத்துச் சரக்கு வாங்குவோம் என்று அறிவித்தனர். நாகரிகமான சொல், முன்னுரிமை! நம் ஊர்ப் பேச்சில் சொல்வதென்றால், வெளியேறு, இல்லையேல் உன் துணியைத் தொடமாட்டோம் என்பதாகும். தொழிலாளி ஒரு முதலாளியின் சரக்கை வாங்காதே என்று சொன்னால் அது சதி. நீதிமன்றம் தடையாணை விதிக்கும். டான்பரி நகரத்துத் தொப்பித் தொழிலாளர் வழக்கிலே 1908-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தொழிலாளர் பகிஷ்காரத்தைத் தனி உரிமைத் தடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. பேரங்காடிகள் சேர்ந்து அதையே சொன்னபோது, அது நகரத்தைக் காப்பாற்றும் நற்பணி!

தொழிற்கூடக்காரர் என்ன செய்வார்? வாங்குபவனே வாங்கமாட்டேன் என்றால் விற்பவன் எங்கே போவான்? பணிந்தனர். 1916 ஜூலை 25-ஆம் நாள் சட்டமும் நிறைவேறிற்று.

இப்படித் தொழிலைச் சொல்லி ஆளை விரட்டும் கலையை ஐந்தாம் அவென்யூதான் கண்டுபிடித்தது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். முன்னோடிகள் மேற்குக் கரையிலே இருந்தனர். கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம் 1885-இல் ஒரு விதி செய்தது: இருப்புப் பாதைக்கு மேற்கே, ஜி தெருவுக்குத் தெற்கே தவிர வேறெங்கும் சலவைக் கூடம் இருக்கக் கூடாது. அழுக்குத் துணிக்கா இந்த எல்லை? சலவைத் தொழில் சீனர் கையில் இருந்தது. அந்த எல்லைக்குள்தான் சீனர் குடியிருப்பு இருந்தது! சான்பிரான்சிஸ்கோவிலோ மரக் கட்டடத்தில் சலவைக் கூடம் நடத்த உரிமச் சீட்டு வேண்டும் என்றனர். சீனர் ஏறத்தாழ 200 பேர் கேட்டனர். 200 பேருக்கும் மறுப்பு. சீனரல்லாதார் ஏறத்தாழ 80 பேர் கேட்டனர். ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் அனுமதி. யிக் வோ என்ற சலவைக் கூடத்தின் உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். சட்டத்தின் எழுத்து நடுநிலையாயிருந்தாலும் அதைச் செலுத்தும் கை தீயதாயிருந்தால் அது அநீதியே என்று 1886-இல் தீர்ப்பாயிற்று.

பால்டிமோர் நகரம் 1910-இல் இன்னும் துணிந்தது. கருப்பின வழக்கறிஞர் ஒருவர் வெள்ளையர் வாழும் தெருவிலே வீடு வாங்கிவிட்டார் என்பதற்காக, கருப்பர் பெரும்பான்மையான தெருவில் வெள்ளையரும், வெள்ளையர் பெரும்பான்மையான தெருவில் கருப்பரும் குடிபுகக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் செய்தது. இருபுறமும் ஒரே தடை, ஆகவே சமத்துவம் என்று வாதிடவும் ஆள் இருந்தனர்! லூயிவில் நகரத்தின் இதே போன்ற சட்டத்தை 1917-இல் உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. அதன் பின் நிறத்தைச் சொல்லிக் கோடு கிழிக்க முடியவில்லை. மனையின் அளவைச் சொல்லலாம், வீட்டின் வகையைச் சொல்லலாம், தொழிலைச் சொல்லலாம். நியூயார்க் காட்டிய வழி கையில் ஆயத்தமாக இருந்தது. பத்தே ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நகரங்கள் அதைப் பின்பற்றின.

முடிவான தீர்ப்பு 1926-இல் வந்தது. ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூருக்கும் ஒரு நில நிறுவனத்துக்கும் வழக்கு. கீழ்நீதிமன்றத்து நீதிபதி வெஸ்டன்ஹேவர், இத்தகைய சட்டத்தின் உண்மையான விளைவு மக்களை வருவாய்க்கும் வாழ்க்கை நிலைக்கும் ஏற்ப வகை பிரித்து ஒதுக்குவதே என்று சுருக்கென்று சொல்லிவிட்டார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம்; சட்டம் செல்லும் என்றது தீர்ப்பு. தீர்ப்பை எழுதிய சதர்லாந்து, தனி வீடுகளுக்கிடையே எழும் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டுண்ணி என்றே வருணித்தார். அடுக்குமாடியில் குடியிருப்பவன் யார்? தனி வீடு கட்ட இயலாதவன்.

இந்த சதர்லாந்து நமக்கு அந்நியர் அல்லர்! 1923-இல், பஞ்சாபிலே பிறந்து, அமெரிக்கப் படையிலும் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்பவரின் குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. குடியுரிமை பெற வெள்ளையராயிருக்க வேண்டும், அல்லது ஆப்பிரிக்க மரபினராயிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். திண்டின் சார்பில் எடுத்து வைத்த வாதம் என்ன தெரியுமா? நான் உயர்சாதி, ஆரியன், தூய குருதி கலவாதிருக்கச் சாதிமுறையே காவல், ஆகவே நானும் வெள்ளையனே! தாழ்ந்தவரென ஒதுக்கப்பட்டோரை நாங்கள் வெறுப்பதும், கருப்பரை நீங்கள் வெறுப்பதும் ஒன்றுதான் என்றுகூட வாதிட்டனர். கடல் கடந்து போயும் சாதிச் சான்றிதழை நீட்டினார்கள்! சதர்லாந்து அதை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாமானிய அமெரிக்கன் உன்னை வெள்ளையன் என்று எண்ணமாட்டான் என்றார். நாட்டின் வாயிலில் யார் நுழையலாம் என்று எழுதிய அதே எழுதுகோல், மூன்றாண்டு கழித்து, தெருவின் வாயிலில் எது நுழையலாம் என்று எழுதிற்று.

ஐந்தாம் அவென்யூவிலிருந்து வெளியேறிய தையல் தொழில் எங்கே போயிற்று? ஏழாம் அவென்யூவின் மேற்கே, அந்தச் சதுரத்துக் கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துகொண்டது. 1921-இல் 36-ஆம் தெருவுக்கும் 38-ஆம் தெருவுக்கும் இடையே அதற்கெனவே மாபெரும் கட்டடங்கள் எழுந்தன. ஐந்தாம் அவென்யூ காப்பாற்றப்பட்டது. உலகிலேயே கடைவாடகை மிகுந்த வீதிகளுள் ஒன்றாயிற்று. ஏழாம் அவென்யூப் பகுதி ஆடை வட்டாரம் என்று பெயர் பெற்று, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே அமெரிக்கப் பெண்டிர் உடுத்திய ஆயத்த ஆடைகளில் மிகப் பெரும்பகுதியைத் தைத்துக் கொடுத்தது. விரட்டப்பட்ட கைகள் ஓயவில்லை.

பிறகு தொழில் கூலி மலிந்த தென்மாநிலங்களுக்கும், அப்பால் கடல்கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தது. ஏழாம் அவென்யூவின் அடுக்குகளை அலுவலகங்கள் விழுங்கத் தொடங்கின. 1987-இல் நியூயார்க் நகரம் புதியதொரு விதி செய்தது: இந்த வட்டாரத்தின் குறுக்குத் தெருக்களிலே தொழிற்கூடத்தை அலுவலகமாக்க விரும்புகிறவன், அதே அளவு இடத்தைத் தொழிலுக்கென ஒதுக்கிக் காட்ட வேண்டும். 1916-இல் தையல் இயந்திரத்தை வெளியே தள்ள உதவிய அதே கருவியை, 71 ஆண்டுகள் கழித்து, தையல் இயந்திரம் வெளியே போகாமல் பிடித்து வைக்கக் கையாண்டனர்! காலம் கடந்த காதல். இயந்திரங்கள் குறைந்துகொண்டே வந்தன. நிலச் சொந்தக்காரர் அந்த விதியை எடுத்துவிடு என்றனர். தையற்கூடத்தாரும் ஆடை வடிவமைப்போரும், எடுத்தால் எஞ்சியதும் அழியும் என்றனர். நீண்ட பூசலுக்குப் பின் 2018 டிசம்பரில் நகர மன்றம் அதை எடுத்துவிட்டது.

ஏழாம் அவென்யூவில், 39-ஆம் தெருவருகே, ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. 1984-இல் வைத்தது, ஜூடித் வெல்லர் என்ற பெண் சிற்பி செய்தது. தலையிலே யூதர் அணியும் சிறு குல்லாயுடன், ஒரு தொழிலாளி தையல் இயந்திரத்தின் மேல் குனிந்திருக்கிறான். நடைபாதையின் மேலேயே அமர்த்தியிருக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே இரண்டே அவென்யூ தாண்டி, தெற்கே 34-ஆம் தெரு வரை நடந்தால் ஆல்ட்மன் அங்காடியின் பழைய கட்டடம் வந்துவிடும். அங்காடி 1989-இல் மூடப்பட்டுவிட்டது.